நான்காக நறுக்கிய நாள்

இரட்டைமலைக் காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் சாத்தையா என்ற ஆமை வாழ்ந்தது. காட்டுக்கே நாள் எண்ணிச் சொல்வதுதான் அதன் வேலை.

கரையில் ஒரு பெரிய பாறை. பாறையடியில் இரண்டு குழிகள். ஒரு குழியில் முந்நூற்று அறுபத்தைந்து கூழாங்கற்கள். நாளுக்கு ஒரு கல்லை வாயால் கவ்வி அடுத்த குழியில் போட வேண்டும். அவ்வளவுதான். பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. மான்கள் மேட்டு நிலத்துக்குக் கிளம்புவதும், தேனீக்கள் கூடு மாற்றுவதும், மலைவெள்ளம் குளத்துக்குள் இறங்கும் நாளைத் தெரிந்துகொண்டு நீர்ப்பறவைகள் முட்டையிடுவதும் அந்தக் கற்களை நம்பித்தான்.

கிழக்கே இரண்டு மலைகள். நடுவில் ஓர் இடுக்கு. ஆண்டின் முதல் நாள் சூரியன் சரியாக அந்த இடுக்கில் எட்டிப் பார்க்கும். ஆனால் சூரியனுக்கு ஒரு குணம் உண்டு. கற்கள் தீர்ந்துபோகும் நேரத்துக்கு அது வந்து சேராது. இன்னும் கால் நாள் வேண்டும் என்று கேட்கும். காட்டு விலங்குகள் அந்தக் கால் நாளைக் கண்டுகொள்ளாமல் தள்ளி வைத்துவிடும். நான்கு ஆண்டுகளில் நான்கு கால் சேர்ந்து ஒரு முழு நாள் ஆகிவிடும். அந்த நாளுக்குக் கல் கிடையாது. அதற்கு 'மிச்ச நாள்' என்று பெயர்.

மிச்ச நாள் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் அன்று வேட்டை இல்லை. தண்ணீர் குடிக்க முறை இல்லை. சிறுத்தையும் மானும் ஒரே கரையில் குடிக்கும். மான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும், அது வேறு விஷயம்.

அன்றைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வேண்டுமானாலும் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றே ஒன்று. கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்டவர் பதில் முடியும்வரை எழுந்து போகக் கூடாது. மறுநாள் அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது.

ஒருமுறை வந்த மிச்ச நாளில் முதலில் எழுந்தது கொண்டையன் என்ற காட்டுச்சேவல். அது நேராக நரி நல்லமுத்துவிடம் போய் நின்றது.

"நல்லமுத்து! போன மாசம் என் வீட்டுக்காரி இட்ட ஆறு முட்டை எங்கே?"

நரி வானத்தைப் பார்த்தது. பூமியைப் பார்த்தது. வேறு வழியில்லை.

"என் வயித்துலதான்" என்றது.

"ஆறுமா?"

"அது ரெண்டாவது கேள்வி!" என்று நரி பல்லைக் கடித்தது. காடே சிரித்தது.

அடுத்துக் கரடி எழுந்தது. தேனீக்களின் ராணியிடம், "என்னைக் கண்டா மட்டும் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டது. ராணி பதில் சொல்ல ஆரம்பித்தது. கரடியின் அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு கூடாக எடுத்துச் சொன்னது. உச்சிப்பொழுது ஆயிற்று. வெயில் சாய்ந்தது. பாதியில் எழக் கூடாது என்பது வழக்கம். எல்லோரும் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசையில் கடைசியாக நின்றது செம்பாயி என்ற நீர்க்கோழி. நெற்றியில் குங்குமம் வைத்ததுபோலச் சிவப்பு. மெலிந்த பச்சைக் கால்கள். அது சாத்தையாவைப் பார்த்தபடியே நின்றது. சாத்தையாவுக்கு ஓட்டுக்குள் வியர்த்தது.

ராணி பேசி முடிப்பதற்கும் சூரியன் மறைவதற்கும் சரியாக இருந்தது. கேள்வி கேட்பது சூரியன் இருக்கும்வரைதான். அந்த நேரம் முடிந்துவிட்டது.

செம்பாயி மெல்ல நடந்து வந்தது.

"சாத்தையாண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த முட்டை விஷயம்தான்."

"அதுக்கென்ன, இப்பவே கேளேன்" என்றது ஆமை. கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே சொன்னது.

"சேச்சே! சாதாரண நேரத்துல கேட்டா உங்களையே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். பெரியவங்க நீங்க. அடுத்த மிச்ச நாள்ல முறையா கேட்டுக்கிறேன்."

அது போய்விட்டது. சாத்தையா தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று இரவு முழுவதும் அப்படியே கிடந்தது.

நடந்தது இதுதான். அந்த ஆண்டு சித்திரையில் இலுப்பைப்பூ கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெயிலில் புளித்துக் கிடந்த பூவைக் கரடி ஆசையாக அள்ளிக்கொண்டு வந்து, "ஒரு வாய் சாப்பிடுங்க மச்சான்!" என்றது. சாத்தையா ஒரு வாய் சாப்பிட்டது. பிறகு இன்னொரு வாய். கண் விழித்தபோது மூன்று நாள் போயிருந்தது. மூன்று கற்கள் நகராமல் கிடந்தன.

அப்போதே மூன்றையும் எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் தான் தூங்கியது மூன்று நாளா, ஒரே நாளா என்று அப்போது சாத்தையாவுக்கே தெரியாது. ஒரு நாள் என்றுதான் நினைத்தது. நினைக்க விரும்பியது என்றும் சொல்லலாம். அந்த ஒரு கல்லைக்கூட 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டது. பிறகு மறந்தே போனது.

ஆனி மாதத்தில் செம்பாயி வந்து, "வெள்ளம் வர இன்னும் எத்தனை நாள்ண்ணே?" என்று கேட்டது. சாத்தையா கற்களைப் பார்த்து, "பன்னிரண்டு" என்றது. செம்பாயியின் முட்டைகள் பொரிக்கப் பத்து நாள் இருந்தன. குஞ்சுகள் வெளியே வந்துவிட்டால் வெள்ளத்தில் மிதந்துவிடும். பிறந்த அன்றே நீந்தும் ஜாதி அது. "அப்ப சரி" என்று நாணல் நடுவே தாழ்வான கூட்டில் நிம்மதியாக உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளம் வந்தது. முட்டைகள் போயின.

வெள்ளம் எந்த ஆண்டும் நாள் தவறியதில்லை. அன்று மாலையே சாத்தையாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் மூன்று கற்களைக் கவ்வி அடுத்த குழியில் போட்டது. செம்பாயியோ காடு முழுக்கத் திரிந்து, "என் புத்தியைச் சொல்லணும்! அண்ணன் சரியாத்தான் சொல்லியிருப்பார். நான்தான் நடுவுல நாளை விட்டுட்டேன்!" என்று புலம்பியது. சாத்தையா கேட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மிச்ச நாள் முடிந்த மறுநாள் காலை. நரி நல்லமுத்து பாறைமேல் ஏறி நின்று ஊளையிட்டது. எல்லோரும் கூடினார்கள்.

"பெரியோர்களே! இந்த மிச்ச நாள் நியாயமா? யோசிச்சுப் பாருங்க! நாலு வருஷம் காத்திருந்து ஒரு நாள் கொண்டாடுறோம். அதுக்குள்ள எத்தனை பேர் போய்ச் சேர்ந்துடுறாங்க! முயலு நாலு வருஷம் முழுசா இருக்குமா? இந்த ஈசல் என்ன பாவம் பண்ணிச்சு?"

ஈசல்கள் அழுதன.

"அதனால நான் சொல்றேன். மிச்ச நாளைச் சேத்து வைக்க வேணாம்! நாலா நறுக்குவோம். வருஷா வருஷம் கால் நாள் வருதில்ல? அதை அந்தந்த வருஷக் கடைசியிலேயே அனுபவிச்சுடுவோம். எல்லாருக்கும் ஒரு துண்டு!"

"ஆமா! ஆமா!" என்று முயல்கள் துள்ளின.

கொண்டையன் மட்டும், "கால் நாள்ல யாரு கேள்வி கேட்டு யாரு பதில் சொல்றது?" என்றது.

"அதெல்லாம் சுருக்கமாக் கேக்கணும்!" என்றது நரி. "எதுக்கும் நாள் எண்ணுறவர் சொல்லட்டும். சாத்தையா சரின்னா சரி!"

எல்லாத் தலைகளும் ஆமையின் பக்கம் திரும்பின.

சாத்தையாவுக்குத் தெரியும். கால் நாளை ஆண்டுக் கடைசியில் ஒட்டவைத்தால், அடுத்த ஆண்டு விடியலில் தொடங்காது, உச்சிப்பொழுதில்தான் தொடங்கும். அதற்கடுத்த ஆண்டு பொழுது சாயும்போது தொடங்கும். எல்லா முறையும் தலைகீழாகும். 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் செம்பாயி நின்றுகொண்டிருந்தது. முழு மிச்ச நாள் இல்லை என்றால் அந்தக் கேள்வியும் இல்லை.

'முயல்கள் பாவம்தானே' என்று சாத்தையா தனக்குள் சொல்லிக்கொண்டது. 'ஈசல்கள் பாவம்தானே. நரி சொன்னால் என்ன, நியாயம் நியாயம்தானே.' இப்படிப் பல நியாயங்கள் அதற்கு வரிசையாகத் தோன்றின. ஒரு மனம் இவ்வளவு வேகமாக நியாயங்களைக் கண்டுபிடிக்கிறது என்றால் அது எதற்கோ பயந்துகொண்டிருக்கிறது. அதுவும் சாத்தையாவுக்குத் தெரியாமல் இல்லை.

"செய்யலாம்" என்றது.

நரி அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டது.

முதல் ஆண்டு வழக்கம்போல ஓடியது. கடைசியில் கால் நாள் வந்தது. விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை. கரடி எழுந்து, முதுகைச் சொறிந்து, குளித்துவிட்டு வருவதற்குள் பாதி போயிற்று. கொண்டையன் நரியைத் தேடிக் காடெல்லாம் அலைந்தது. உச்சிப்பொழுது தாண்டியதும் நரி புதரிலிருந்து வெளியே வந்து, "அடடா, என்னையா தேடுனீங்க?" என்று கேட்டது.

உச்சிப்பொழுதில் புத்தாண்டு பிறந்தது. அதோடு கூத்தும் பிறந்தது.

அந்தக் காட்டில் ஒரு நாளுக்கு நான்கு பொழுது. முதற்பொழுதில் மான்கள் தண்ணீர் குடிக்கும். இரண்டாம் பொழுதில் நரியும் கரடியும். மூன்றாம் பொழுது சிறுத்தைக்கு. கடைசிப் பொழுது ஆந்தைக்கும் மற்ற இரவுப் பிராணிகளுக்கும். இப்போது நாளே உச்சிப்பொழுதில்தான் தொடங்கியது. அதனால் மான்கள் கொளுத்தும் வெயிலில் சுடுபாறைமேல் தாண்டித் தாண்டி வந்தன. கொண்டையன் நடுப்பகலில் நின்று, "கொக்கரக்கோ!" என்று கூவியது. நாள் பிறக்கும்போது கூவுவது அதன் கடமை.

"என்னய்யா, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று குரங்குகள் கேலி செய்தன.

"என்னைக் கேக்காதே. கல்லைக் கேளு!" என்று சேவல் சிடுசிடுத்தது.

சிறுத்தைக்கு மட்டும் பழைய வழக்கம் மறக்கவே இல்லை. பொழுது சாய்ந்ததும் அது பாட்டுக்குக் குளத்துக்கு வந்தது. புதுக் கணக்குப்படி அது நரியின் பொழுது. நல்லமுத்து குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.

"அட, நல்லமுத்துவா! நம்ம ரெண்டு பேர் பொழுதும் ஒண்ணா வந்துடுச்சு போல!"

அன்று நரி ஓடிய ஓட்டத்தில் வால் நுனி கொஞ்சம் சிறுத்தையின் வாயில் தங்கிவிட்டது.

மூன்றாம் ஆண்டு பொழுது சாயும்போது பிறந்தது. இப்போது கடைசிப் பொழுது பட்டப்பகலில் வந்தது. ஆந்தை வெயிலில் கண் கூசித் தட்டுத்தடுமாறி வந்து, கரடியின் மேல் மோதி, மரம் என்று நினைத்து அதன் தலைமேலேயே உட்கார்ந்தது.

"யோவ், எறங்குய்யா!"

"பேசுற மரமா?" என்றது ஆந்தை.

நான்காம் ஆண்டு நள்ளிரவில் பிறந்தது. எப்போது பிறந்தது என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள். கொண்டையன் மட்டும் எழுந்து ஒருமுறை கூவிவிட்டு, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று மறுபடி படுத்துக்கொண்டது.

காட்டில் சண்டை ஓயவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு துண்டை வாங்கித் தின்றாயிற்று. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

சாத்தையா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம்கூட ஒருவிதமாகப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாமல் இருந்தது வேறொன்று.

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை கழிந்ததும் செம்பாயி வரும். முன்னெல்லாம் வாயில் நாணலோடு வரும். இப்போது வெறும் வாயோடு வந்தது.

"கூடு கட்டலையா செம்பாயி?" என்று மற்ற பறவைகள் கேட்டன.

"நமக்கெதுக்கு? எண்ணத் தெரியாதவ முட்டையிட்டு என்ன பண்ண?" என்று சிரித்துக்கொண்டே சொன்னது.

இரண்டாம் ஆண்டும் கட்டவில்லை. மூன்றாம் ஆண்டு அதைவிட மோசம். பூச்சி பிடிக்கப் போனால், "இங்கே பாத்தேனா, அங்கே பாத்தேனா?" என்று நின்றுவிடும். பருந்து வருகிறது என்று கத்திவிட்டு, "இல்லையோ? மேகந்தானோ?" என்று தன் கண்ணையே சந்தேகப்படும். ஒரு தடவை அது மேகமில்லை, பருந்தேதான். மயிரிழையில் தப்பியது.

சாத்தையா தினமும் ஒரு கல்லை நகர்த்தியது. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைவிடக் கனமாக இருந்தது.

'சொல்லிவிடலாம்' என்று நினைக்கும். உடனே இன்னொரு நினைப்பு வரும். 'இது சாதாரண நாள். சாதாரண நாளில் இதையெல்லாம் பேசுவது வழக்கமில்லையே. மிச்ச நாள் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.'

மிச்ச நாளுக்குப் பயந்து அதை நறுக்கச் சம்மதித்ததும் தான்தான். இப்போது மிச்ச நாள் இல்லையே என்று சாக்குச் சொல்வதும் தான்தான். இதை நினைத்தபோது ஆமைக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு தொண்டையைத் தாண்டி வெளியே வரவில்லை.

நான்காம் ஆண்டு, வெள்ளத்துக்கு நாற்பது நாள் இருந்தபோது, ஒரு நாள் முற்பகலில் செம்பாயி பாறையடிக்கு வந்தது.

"சாத்தையாண்ணே, நாளைக்குத் தெற்குக் குட்டைக்குக் கிளம்புறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"தெற்குக் குட்டையா? அங்கே என்ன இருக்கு?"

"என் தங்கச்சி இருக்கா. அவ பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு ஒரு மூலையில கிடப்பேன். அவ எண்ணிக்குவா. நான் எதையும் எண்ண வேணாம் பாருங்க."

"இங்கேயே இருந்தா என்ன?"

"இங்கே இருந்தா நாணலைப் பாக்குறப்பல்லாம் ஞாபகம் வருதுண்ணே. நாலு முட்டை. நாலும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒருநாள் விடாம எண்ணுன மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. எப்படி விட்டேன்னே தெரியல." அது தலையை உதறிக்கொண்டது. "சரி, விடுங்க! உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா அங்கிருந்து? நல்ல பாசி கிடைக்குமாம்."

சாத்தையாவின் தலை ஓட்டுக்குள் போனது. இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தால் செம்பாயி போய்விடும். நாளைக்கு அது தெற்குக் குட்டையில் இருக்கும். அப்புறம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.

ஆமை தலையை வெளியே நீட்டியது.

"செம்பாயி, நீ தப்பா எண்ணலை."

"என்னண்ணே?"

"நீ ஒரு நாளைக்கூட விடலை. நான் விட்டேன். மூணு நாள். அந்தச் சித்திரையில் இலுப்பைப்பூ தின்னுட்டுத் தூங்கிட்டேன். மூணு கல்லை நகர்த்தலை. வெள்ளத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நான் பன்னிரண்டுன்னு சொன்னேன். வெள்ளம் வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாருக்கும் தெரியாம மூணு கல்லையும் எடுத்துப் போட்டுட்டேன்."

செம்பாயி கிட்டே வந்து ஆமையின் கண்ணைப் பார்த்தது. குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஊரெல்லாம் போயி என் புத்தியை நானே திட்டிக்கிட்டுத் திரிஞ்சப்ப?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நரி நாளை நறுக்கணும்னு சொன்னப்ப நீங்க சரின்னது...?"

"நீ கேட்டுடுவியோன்னு பயந்துதான்."

செம்பாயி ஓர் அடி பின்னால் போனது. பிறகு பாய்ந்து வந்து ஆமையின் ஓட்டில் கொத்தியது. டொக் டொக்கென்று கொத்தியது. ஓட்டுக்கு வலிக்காது. அது செம்பாயிக்கும் தெரியும். அதனால் கோபம் இன்னும் ஏறி, வெளியே நீட்டியிருந்த மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. சாத்தையா தலையை உள்ளே இழுக்கவில்லை.

"மூணு நாளு!" என்றது செம்பாயி. குரல் உடைந்திருந்தது. "நீங்க தூங்குனது மூணு நாளு. நான் தூங்காதது எத்தனை நாள் தெரியுமா? அதை உங்க கல்லுல எண்ணிப் பாருங்க!"

அது நாணலுக்குள் போய் மறைந்தது.

சாத்தையாவின் மூக்கு எரிந்தது. அன்று முழுவதும் எரிந்தது. ஆனால் நாலு வருஷத்தில் முதல் தடவையாக, கவ்விய கல் வெறும் கல்லின் கனம் மட்டுமே கனத்தது.

மறுநாள் ஆமை எல்லோரையும் கூப்பிட்டது. பாறைமேல் ஏறுவதற்கே அதற்கு அரைப்பொழுது பிடித்தது. கரடிதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டது.

"நான் ரெண்டு தப்பு பண்ணினேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னது. இலுப்பைப்பூவைச் சொன்னபோது கரடி தரையைப் பார்த்தது. "நாளை நறுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சரின்னேன். நான் பயந்தேன். அதுக்கு நீங்க எல்லாரும் வெயில்ல நின்னீங்க."

"அப்ப மூணு வருஷமா நான் கண்ட நேரத்துல கூவுனது?" என்றது கொண்டையன்.

"என்னாலதான்."

"இந்த வருஷக் கடைசித் துண்டோட மறுபடி விடியல்ல வந்து நிப்போம். ஒரு முழு நாள் காலியாயிருக்கும். அதை யாரு அனுபவிச்சது?" என்று கிழ மான் கேட்டது.

எல்லோருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நாள் யாருக்கும் கிடைக்கவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று நரி நழுவப் பார்த்தது. நுனி போன வாலோடு நழுவுவது சிரமமாக இருந்தது. "முயலுக்காகச் சொன்னேன்!"

"எங்களுக்காக யாரும் எதையும் நறுக்க வேணாம் சாமி!" என்றன முயல்கள். "எங்களுக்கு வரலைன்னா எங்க பிள்ளைங்களுக்கு வரட்டும். முழுசா வரட்டும்!"

இனிமேல் மிச்ச நாளைச் சேர்த்து வைப்பது என்று முடிவாயிற்று.

"இன்னொண்ணு" என்றது சாத்தையா. "நாள் எண்ணுற வேலையை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குரங்குக்குக் கொடுத்தால் கற்களை எறிந்து விளையாடும். ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. நரிக்கா?

"யோசிக்கலாம்" என்று கலைந்தார்கள். செம்பாயி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

தெற்குக் குட்டைக்குப் போயிருக்கும் என்று சாத்தையா நினைத்துக்கொண்டது. போகட்டும். எங்கே இருந்தாலும் தன் புத்தி சரிதான் என்று தெரிந்துகொண்டு இருக்கட்டும். மன்னிக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அது கேட்டு வாங்குகிற சாமானும் இல்லை.

செம்பாயியிடம் உண்மையைச் சொல்லி ஐந்து நாள் ஆயிற்று. ஆமை கல்லை நகர்த்தி முடித்த நேரம். நாணல் சலசலத்தது. செம்பாயி வந்து பாறையடியில் நின்றது. முகம் கடுகடுவென்று இருந்தது. 'அண்ணே' என்று கூப்பிடவில்லை.

"வெள்ளத்துக்கு இன்னும் எத்தனை நாளு?"

"முப்பத்தஞ்சு" என்றது சாத்தையா.

செம்பாயி தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு சொன்னது.

"எனக்கும் முப்பத்தஞ்சுதான் வருது. அன்னைக்கு நாற்பதுன்னு காடே பேசிக்கிச்சு. அன்னைலேர்ந்து நானும் ஒரு பக்கம் கல்லு போட்டுக்கிட்டு இருக்கேன். அந்தத் தாழம்புதர் அடியில."

"நீயா எண்ணுறே?"

"ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று செம்பாயி சீறியது. அப்படிச் சீறியதைக் கேட்க சாத்தையாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "இனிமே தினமும் காலையில வருவேன். நீங்க ஒண்ணு சொல்லணும், நான் ஒண்ணு சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் காட்டுக்குச் சொல்லணும். இந்த வேலையை நம்பி ஒருத்தர் கையில விடுறதா இல்லை."

"சரி."

"இலுப்பைப்பூ பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"சரி."

"உங்கமேல எனக்கு இன்னும் கோபம் போகலை. அதையும் சொல்லிட்டேன்."

"சரிம்மா."

செம்பாயி திரும்பி நாணல் பக்கம் நடந்தது. இரண்டு தண்டை மூக்கால் இழுத்துப் பார்த்தது. ஒன்று பிடிக்கவில்லை, போட்டுவிட்டது. இன்னொன்றைக் கவ்விக்கொண்டு, வெள்ளம் வந்தாலும் எட்டாத மேட்டுக்கு ஏறியது. பாதி வழியில் நின்று நாணலை வாயிலிருந்து கீழே வைத்தது.

"சாத்தையாண்ணே! முப்பத்தஞ்சுதானே?"

"முப்பத்தஞ்சுதான்!"

"எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்!" என்றது செம்பாயி. மறுபடி நாணலைக் கவ்விக்கொண்டு கூடு கட்டப் போனது.

நாம் ஒப்புக்கொள்ளாத தவறை வேறு யாரோ தம் தவறென்று சுமந்துகொண்டிருப்பார்கள். ஆகவே உண்மையைச் சொல்ல நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.